மின்னழுத்தம் சுழியாக இருக்கும் இடத்தில் விசை எங்கிருந்து வருகிறது?

சேலத்தில் பிளஸ் டூ படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "சார், இரண்டு சமமான நேர் மின்துகள்களுக்கு நட்ட நடுவில் மின்புலம் சுழி, ஆனால் மின்னழுத்தம் சுழி இல்லை. அதில் ஒன்றை எதிர் மின்துகளாக மாற்றினால், நடுவில் மின்னழுத்தம் சுழி, ஆனால் மின்புலம் இருக்கிறது. மின்னழுத்தமே இல்லாத இடத்தில் விசை எப்படி வரும்? கணக்கு போட்டால் விடை வந்துவிடுகிறது, மனசுதான் ஒப்ப மாட்டேன் என்கிறது. அப்புறம், எலக்ட்ரான் மட்டும் ஏன் மின்னழுத்தம் அதிகமான பக்கம் ஓடுகிறது?"

மனசு ஒப்பவில்லை என்று சொல்கிறீர்களே, அதுவே நல்ல அறிகுறி. பலர் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்து மார்க் வாங்கிவிட்டு இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நேரடி பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் இடத்தில் மின்னழுத்தம் எத்தனை வோல்ட் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே விசை எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடத்திலிருந்து கொஞ்சம் இப்படியும் கொஞ்சம் அப்படியும் நகர்ந்தால் மின்னழுத்தம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று தெரிய வேண்டும். மின்புலம் என்பது அந்த மாற்ற வீதம்தான். அதனால்தான் அதன் அலகை நியூட்டன்/கூலூம் என்றும் எழுதலாம், வோல்ட்/மீட்டர் என்றும் எழுதலாம். இரண்டும் ஒன்றே.

சேலத்துக்காரருக்கு இதை விளக்க ஏற்காட்டு மலையைவிட நல்ல உதாரணம் கிடையாது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள். உயரத்தை மின்னழுத்தமாகவும், சாலையின் சரிவை மின்புலமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காடு ஏரியில் படகில் உட்கார்ந்திருக்கிறீர்கள், மிதிப்பதை நிறுத்திவிட்டீர்கள். சமவெளியைவிட ஒரு கிலோமீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறீர்கள், ஆனாலும் படகு எந்தப் பக்கமும் சரிந்து ஓடவில்லை. ஏரியின் பரப்பு மட்டமாக இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். இரண்டு நேர் மின்துகள்களின் நடுப்புள்ளியும் இப்படித்தான்: உயரம் நிறைய, சரிவு இல்லை.

இப்போது இரண்டாவது நிலை. மலைப்பாதையில் பத்தாவது வளைவைத் தாண்டி ஒரு கல்லை நட்டு, "இனி உயரத்தை இங்கிருந்துதான் அளப்போம், இங்கே உயரம் 0" என்று எழுதி வைக்கிறோம். அடிவாரம் மைனஸில் போகும், ஏற்காடு பிளஸில் வரும். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் காரை நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்குவீர்களா? "உயரம்தான் 0 ஆச்சே, கார் எப்படி உருளும்" என்று கேட்பீர்களா? மாட்டீர்கள். நேர், எதிர் மின்துகள்களின் நடுப்புள்ளியில் மின்னழுத்தம் சுழி என்பதும் இந்தக் கல்லில் எழுதிய 0 போலத்தான். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், நடுவில் நல்ல சரிவு.

இதே மலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 50 கிலோ காபிக் கொட்டை மூட்டையைக் கொண்டை ஊசி வளைவுகள் வழியாக ஏற்றினாலும், குப்பனூர் வழியாகச் சுற்றி ஏற்றினாலும், ஈர்ப்பு விசைக்கு எதிராகச் செய்யும் வேலை ஒரே அளவு. 1200 மீட்டர் ஏற்றம் என்றால் 50 × 9.8 × 1200, அதாவது கிட்டத்தட்ட 5,88,000 ஜூல். டீசல் செலவு மாறும், ஆனால் அது இன்ஜினும் உராய்வும் பிரேக்கும் சேர்ந்த கணக்கு. நிலைமின் விசையும் இதே குணம் கொண்டது: ஒரு மின்துகளை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகச் செய்யும் வேலை, போன பாதையைப் பொறுத்து மாறாது. இந்தக் குணம் இல்லாவிட்டால் "இந்தப் புள்ளியில் மின்னழுத்தம் இவ்வளவு" என்று ஓர் எண்ணைக் கொடுக்கவே முடியாது, ஏனென்றால் வந்த வழிக்கு ஒரு விடை வரும். பாடப் புத்தகத்தில் இது ஒரே வரியில் கடந்து போய்விடுகிறது. என்னைக் கேட்டால், அந்தப் பாடத்திலேயே முக்கியமான வரி அதுதான்.

சரி, எண்களுக்கு வருவோம். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் 2 நானோகூலூம் மின்துகள்கள் இரண்டு, இரண்டும் நேர். நடுப்புள்ளிக்கு ஒவ்வொன்றிலிருந்தும் தூரம் 0.1 மீட்டர். ஒவ்வொன்றும் தரும் மின்னழுத்தம் 9×10⁹ (கூலூம் விதியின் மாறிலி) × 2×10⁻⁹ ÷ 0.1 = 180 வோல்ட். மொத்தம் 360 வோல்ட். ஒவ்வொன்றும் தரும் புலம் மீட்டருக்கு 1800 வோல்ட், ஆனால் எதிரெதிர்த் திசையில். அடித்துப்போய்விடும். ஒன்றை எதிர் மின்துகளாக மாற்றினால் மின்னழுத்தம் 180 − 180 = 0. புலங்கள் இரண்டும் இப்போது ஒரே திசையில், ஆக மீட்டருக்கு 3600 வோல்ட். மின்னழுத்தம் வெறும் எண், கூட்டினால் போதும். புலத்துக்குத் திசை உண்டு, அதைத் திசையோடு கூட்ட வேண்டும். அதனால் ஒன்று அடித்துப்போகும் இடத்தில் மற்றது அடித்துப்போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த "சுழி வோல்ட்" புள்ளியில் ஓர் எலக்ட்ரானை வைத்தால் விசை 1.6×10⁻¹⁹ × 3600, அதாவது சுமார் 5.8×10⁻¹⁶ நியூட்டன். ரொம்பச் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் எலக்ட்ரானின் நிறை 9.1×10⁻³¹ கிலோ. முடுக்கம் வினாடிக்கு வினாடி 6.3×10¹⁴ மீட்டர். அந்த எலக்ட்ரானின் எடையைவிட இந்த விசை 60 லட்சம் கோடி மடங்குக்கும் மேல். எலக்ட்ரான் கணக்குகளில் ஈர்ப்பு விசையை ஏன் கண்டுகொள்வதில்லை என்பதற்கு இதுவே பதில்.

எலக்ட்ரான் மேட்டை நோக்கி ஏன் ஓடுகிறது என்பதில்தான் மலை உதாரணம் நொண்டுகிறது. நிறையில் மைனஸ் கிடையாது, ஆகவே மலையில் எல்லாமே கீழே உருளும். மின்னூட்டத்தில் மைனஸ் உண்டு. விசை எப்போதும் நிலையாற்றல் குறையும் பக்கம் தள்ளும், மின்னழுத்தம் குறையும் பக்கம் அல்ல. நிலையாற்றல் என்பது மின்னூட்டம் × மின்னழுத்தம். மின்னூட்டம் நேர் என்றால் இரண்டும் ஒரே பக்கம் குறையும். எதிர் என்றால், மின்னழுத்தம் ஏற ஏற நிலையாற்றல் இறங்குகிறது. எலக்ட்ரானுக்கு மலை தலைகீழாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கண்ணுக்கு அதுவும் பள்ளத்தில்தான் உருள்கிறது.

100 வோல்ட் வித்தியாசத்தில் ஓய்விலிருந்து புறப்படும் எலக்ட்ரான், முடிவில் வினாடிக்கு சுமார் 5.9×10⁶ மீட்டர் வேகத்தில் இருக்கும். அதே 100 வோல்ட்டில் எதிர்ப்பக்கம் ஓடும் புரோட்டானுக்குக் கிடைப்பது வினாடிக்கு சுமார் 1.4×10⁵ மீட்டர்தான். இரண்டுக்கும் கிடைத்த ஆற்றல் ஒன்றே, 100 எலக்ட்ரான் வோல்ட். நிறைதான் வேறு. தேர்வில் "இரண்டில் எதன் இயக்க ஆற்றல் அதிகம்" என்று கேட்டுக் கவிழ்ப்பார்கள், ஜாக்கிரதை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மின்விசைக் கோடுகள் வழியாகத்தான் மின்துகள் பயணிக்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கோடு காட்டுவது விசையின் திசையை, அதாவது முடுக்கத்தின் திசையை. வேகத்தின் திசை வேறாக இருக்கலாம். இரண்டு தட்டுகளுக்கு நடுவே குறுக்காக எறியப்பட்ட எலக்ட்ரான் பரவளையத்தில் வளைந்து போகிறது, கோடுகளோ நேராக மேலிருந்து கீழே நிற்கின்றன. ஓய்விலிருந்து கிளம்பி, கோடும் நேராக இருந்தால் மட்டும் இரண்டும் ஒத்துப்போகும்.

உங்கள் முதல் கேள்வியின் நடுப்புள்ளியில் இன்னும் ஒரு சுவாரஸ்யம் ஒளிந்திருக்கிறது. இரண்டு நேர் மின்துகள்களுக்கு நடுவில் ஒரு சின்ன நேர் மின்துகளை வைக்கிறோம். புலம் சுழி, எனவே அசையாது. இணைப்புக் கோட்டின் வழியே லேசாகத் தள்ளினால் எதிரில் இருக்கும் மின்துகள் விரட்டி நடுவுக்கே திருப்பி அனுப்பும். ஆனால் குறுக்குவாட்டில் ஒரு மயிரிழை தள்ளினாலும் போதும், இரண்டும் சேர்ந்து அதை வெளியே துரத்திவிடும். அந்த இடம் இரண்டு குன்றுகளுக்கு நடுவே இருக்கும் கணவாய் மாதிரி: ஒரு திசையில் பார்த்தால் பள்ளம், இன்னொரு திசையில் பார்த்தால் மேடு. எத்தனை மின்துகள்களை எப்படி நிறுத்தி வைத்தாலும், வெற்றிடத்தில் எல்லாப் பக்கமும் மேடாகச் சூழ்ந்த ஒரு குழியை நிலைமின் புலத்தால் மட்டும் உண்டாக்க முடியாது. 1842-இல் வெளிவந்த எர்ன்ஷாவின் தேற்றம் இதைத்தான் சொல்கிறது. பிற்பாடு ஜெர்மன் இயற்பியலாளர் வுல்ஃப்காங் பால், புலத்தை நிலையாக விடாமல் வேகமாக மாற்றிக்கொண்டே இருந்து அயனிகளைச் சிறைபிடித்தார். அந்தப் பொறிக்காக அவருக்கு 1989-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இனி தாளை மூடிவைத்துவிட்டு வெளியே பார்ப்போம். மின்னழுத்தத்தையும் அதன் வித்தியாசத்தையும் போட்டுக் குழப்பிக்கொண்டால் தேர்வில் மார்க் போவதோடு நிற்காது, உயிரே போகும்.

11,000 வோல்ட் கம்பியில் மைனா உட்கார்ந்திருக்கிறது. அதன் உடம்பு முழுக்க அந்தக் கம்பியின் மின்னழுத்தத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கால்களுக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் கம்பி. அந்தத் துண்டின் மின்தடை மிகக் குறைவு, நூறு ஆம்பியர் ஓடினாலும் வித்தியாசம் சில மில்லிவோல்ட். மைனாவுக்கு அது ஏரியில் மிதக்கும் படகு. இறக்கையை விரிக்கும் மயிலுக்கோ பழந்தின்னி வௌவாலுக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு கம்பிகளைத் தொட்டால் அதோடு சரி. ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகைப் பறிக்க அலுமினிய ஏணி வைப்பவர்களும், கீழே மாந்தோப்பில் இரும்புத் தொரட்டி பிடிப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கம்பியைத் தொட்டுக்கொண்டு காலை மண்ணில் ஊன்றியவருக்கு கம்பிக்கும் மண்ணுக்கும் உள்ள ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் முழுவதும் உடம்பு வழியே இறங்கும். மூங்கில் கழி எவ்வளவோ மேல், அதுவும் காய்ந்திருந்தால். கம்பி பக்கத்தில் இருந்தால் அதுகூட வேண்டாம்.

மின்னல் விஷயம் இதைவிட நுட்பமானது. கோடை மழைக் காலத்தில் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இடி மின்னலுக்குக் குறைவில்லை. மரத்தில் மின்னல் இறங்கினால், நிற்கும் ஆள் மரத்தைத் தொடாமலே அடிபடலாம். காரணம், தரையில் பரவும் மின்னோட்டம். மின்னல் 20,000 ஆம்பியர் கொண்டுவருகிறது என்று வைத்துக்கொள்வோம், அது சாதாரண அளவுதான். இந்த மலை சார்னோகைட் என்ற கடினமான பாறையால் ஆனது, மேலே மண் மூடியிருக்கிறது. ஈரமான வயல் மண் போல இது மின்சாரத்தைச் சுலபமாக விடாது. தரையின் மின்தடை எண்ணை 1000 ஓம்-மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறேன். மின்னோட்டம் அரைக்கோளமாகப் பரவினால், மரத்திலிருந்து தூரம் கூடக் கூட தரையின் மின்னழுத்தம் தூரத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். 20 மீட்டர் தள்ளி, ஒரு கால் 20-இலும் மறு கால் 20.5 மீட்டரிலும் வைத்து நிற்பவருக்குக் கால்களுக்கிடையே சுமார் 3,900 வோல்ட் வருகிறது. அதே இடத்தில் மரத்தைப் பார்த்தவாறு நிற்கும் மாட்டுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி. அதற்கு 11,000 வோல்ட்டுக்கு மேல். மின்னோட்டம் போகும் வழியில் அதன் இதயமும் இருக்கிறது. மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் கூட்டமாகச் சாவதும், பக்கத்தில் நின்ற மனிதர் சில சமயம் பிழைப்பதும் இதனால்தான். வேறு வழியே இல்லாமல் வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் கால்களைச் சேர்த்து வைத்துக் குந்துங்கள், படுக்கவே கூடாது. படுத்தால் தலைக்கும் காலுக்கும் நடுவே ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆகிவிடுகிறது.

வழி இருந்தால் கட்டடத்துக்குள் போங்கள், அல்லது கண்ணாடியை ஏற்றிவிட்டு காருக்குள் இருங்கள். டயர் ரப்பர் என்பதால் கார் காப்பாற்றுகிறது என்று சொல்வது வெறும் பேச்சு. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்னலுக்கு அரை அடி ரப்பர் ஒரு பொருட்டா? இரும்புக் கூடுதான் காப்பாற்றுகிறது. கடத்தியின் மேற்பரப்பில் மின்னூட்டம் தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொண்டு உள்ளே புலத்தைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்துவிடுகிறது. காரின் மின்னழுத்தம் லட்சக்கணக்கான வோல்ட்டுக்குத் தாவினாலும் உள்ளே இருப்பவருக்குச் சரிவு இல்லை. 1836-இல் மைக்கேல் ஃபாரடே 12 அடிக்கு 12 அடி கூடு ஒன்றைக் கட்டி, வெளியே பொறி பறக்க மின்னூட்டம் ஏற்றி, கருவிகளோடு உள்ளே உட்கார்ந்து இதைச் சோதித்துப் பார்த்தார். பைக்கில் வருபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இடி இடிக்கிறது என்றால் வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஏதாவது ஒரு கட்டடத்துக்குள் நுழைவதுதான் புத்திசாலித்தனம்.

மின்துகள் மீதான விசையை நாள் முழுக்க வேலை வாங்கும் இடம் ஒன்றும் சேலம் மாவட்டத்திலேயே இருக்கிறது: மேட்டூர் அனல் மின் நிலையம். 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 600 மெகாவாட் அலகு ஒன்று. நிலக்கரியை மாவாக அரைத்து எரிக்கிறார்கள், எரிந்த பின் புகையோடு நுண்சாம்பலும் கிளம்புகிறது. இப்படிப்பட்ட நிலையங்களில் புகைபோக்கிக்கு முன்னால் நிலைமின் வீழ்படிவாக்கி என்ற பெரிய பெட்டி இருக்கும். உள்ளே மண்ணோடு இணைத்த தட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன, நடுநடுவே மெல்லிய கம்பிகள் அல்லது முள் வைத்த தண்டுகள். கம்பிகளுக்குப் பல்லாயிரம் வோல்ட் எதிர் மின்னழுத்தம்.

கம்பி ஏன் மெல்லியதாக இருக்க வேண்டும் என்று கேளுங்கள், விடை நம் பாடத்திலேயே இருக்கிறது. ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும் இரண்டு உருண்டைகளில் சின்ன உருண்டையின் மேற்பரப்பில்தான் புலம் அதிகம், ஏனென்றால் அங்கே புலம் = மின்னழுத்தம் ÷ ஆரம். வளைவு கூர்மையாக ஆக, புலம் அங்கே குவிகிறது. சாதாரணக் காற்று மீட்டருக்கு சுமார் 30 லட்சம் வோல்ட்டைத் தாங்கும், அதைத் தாண்டினால் உடைந்து அயனிகளாகும். மெல்லிய கம்பியை ஒட்டிய இடத்தில் மட்டும் அந்த எல்லை தாண்டப்படுகிறது, தட்டுவரை பொறி பாய்வதில்லை. கம்பியை ஒட்டிப் பிறக்கும் எலக்ட்ரான்கள் வாயு மூலக்கூறுகளில் ஒட்டிக்கொள்கின்றன, அந்த எதிர் அயனிகள் சாம்பல் துகள்களில் மோதி அவற்றுக்கு எதிர் மின்னூட்டம் ஏற்றுகின்றன, துகள்கள் தட்டை நோக்கி நகர்கின்றன. தட்டில் படிந்ததைச் சுத்தியல் அடித்து உதிர்த்து, கீழே தொட்டியில் சேர்க்கிறார்கள். பிடிபடும் சாம்பல் 99 சதவீதத்துக்கும் மேல்.

எலக்ட்ரான் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. வெற்றிடத்தில் எலக்ட்ரானின் வேகம் ஏறிக்கொண்டே போகும். சாம்பல் துகளுக்குக் காற்றின் தடை உண்டு. விசையும் தடையும் சீக்கிரமே சமமாகிவிட, அது சீரான வேகத்தில் மெதுவாகத் தட்டை நோக்கி ஊர்கிறது. விசை இருந்தால் முடுக்கம் இருந்தே தீரும் என்று நினைப்பவர்கள் மொத்த விசையைப் பார்க்க மறந்துவிடுகிறார்கள். எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்த மில்லிகன் 1909-இல் தொடங்கிய எண்ணெய்த் துளிச் சோதனையிலும் இதே சங்கதிதான்: மின்விசை, எடை, காற்றின் தடை, மூன்றும் சேர்ந்து துளியின் வேகத்தைத் தீர்மானித்தன.

உங்களுக்கு ஒரு கணக்கு. +4 நானோகூலூம் மின்துகளை 0-விலும், −1 நானோகூலூம் மின்துகளை 30 சென்டிமீட்டரிலும் வையுங்கள். இரண்டையும் இணைக்கும் கோட்டில் மின்னழுத்தம் எங்கே சுழி, புலம் எங்கே சுழி? மின்னழுத்தத்துக்கு விடை இரண்டு: 24 சென்டிமீட்டரிலும் 40 சென்டிமீட்டரிலும். புலத்துக்கு ஒரே ஒரு விடை, 60 சென்டிமீட்டர். போட்டுப் பார்த்துவிட்டு, 30 சென்டிமீட்டருக்கு வலப்பக்கம் மின்னழுத்தத்தின் வரைபடத்தைக் கையால் வரையுங்கள். எதிர் மின்துகளுக்குப் பக்கத்தில் ஆழமான பள்ளம், 40-இல் சுழியைத் தொட்டு மேலே ஏறும், 60-இல் உச்சி, அதற்குப் பிறகு மெல்ல இறங்கி வெகுதூரத்தில் சுழியை நெருங்கும். உச்சியில் மின்னழுத்தம் 30 வோல்ட்.